இடது பின் கதவு

ஐந்தே முக்காலுக்கு அலாரம் அடித்தது. ஹேமநாதன் எழுந்தான். கதவில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்தான். ஒரு டம்ளர் அளவுக்குக் காய்ச்சிவிட்டு மீதியை ஃபிரிட்ஜில் வைத்தான். நேற்றைய மீதியும் அங்கேதான் இருந்தது. காபி குடித்தான், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். ஏழு மணிக்கு மோட்டார் போட்டான். அந்த மாதம் அவன் முறை. ஷூ மாட்டிக்கொண்டு கீழே இறங்கி, பார்க்கிங்கில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்த மூன்றாவது தூணில் ஒரு கையை ஊன்றி நின்று லேஸைச் சரிபார்த்தான். பதினோரு மாதமாக வேலை நாட்களில் இப்படித்தான். அன்று சனிக்கிழமை என்பது தூணை விட்டுக் கையை எடுத்த பிறகுதான் உறைத்தது.

எதிரே கார் நின்றது. மனைவி கிருஷ்ணப்பிரியாவின் கார். வெள்ளி நிறம், பத்து வருடப் பழசு, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அவள் போன பிறகு பேட்டரி செத்துவிடக் கூடாதென்று வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்வான். அதோடு சரி.

இடது பின் கதவில், கைப்பிடிக்கு ஒரு சாண் கீழே, பெயிண்ட் கொப்பளித்திருந்தது. போன மழைக்கு மிளகு அளவில் நாலைந்து இருந்தவை இப்போது சுண்டைக்காய் அளவில் முப்பதுக்கு மேல். பெருக்க வரும் எல்லம்மா, "காருக்கு அம்ம போட்டுக்குது சார், வேப்பல சொருவு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் அவனுக்கு டெஸ்டிங் வேலை. பிழை எங்கே வருகிறது, ஏன் அங்கே மட்டும் வருகிறது என்று பார்ப்பதற்குத்தான் சம்பளம். மற்ற மூன்று கதவிலும் ஒரு புள்ளி இல்லை. பானட்டில் இல்லை. பிறகு ஏன் இந்தக் கதவில் மட்டும்? பட்டறைக்காரரிடம் கேட்டபோது, "பழைய வண்டி சார், அப்டித்தான்" என்றார். அது பதில் இல்லை. பதினோரு மாதத்தில் அவனுக்குள் தானாக எழும்பிய முதல் கேள்வி அது. வாரம் முழுக்கக் கூடவே வந்தது. திருமுல்லைவாயில் ஸ்டேஷனில், லிஃப்ட்டில், சாப்பாட்டு டப்பாவின் முன்னால். கடைசியில் தானே தேய்த்து தானே பெயிண்ட் அடிப்பது என்று தீர்மானித்து, ஹார்டுவேர் கடையில் வாட்டர் பேப்பர், பள்ளம் நிரப்பும் பட்டி, பிரைமர், மாஸ்கிங் டேப் எல்லாம் வாங்கி வைத்திருந்தான்.

மாடிக்குப் போய் ஷூவைக் கழற்றிவிட்டு லுங்கியோடு வந்தான். முதலில் சோப்புத் தண்ணீர். பிறகு பழைய மெழுகு போகத் தின்னர் நனைத்த துணி. பழைய செய்தித்தாளை மடித்துக் கண்ணாடியைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. லோகேஷ். கிருஷ்ணப்பிரியாவின் தம்பி.

"மாமா, அடுத்த ஞாயித்துக்கெழம மொத வருஷம்ல, ஃபிளெக்ஸ் டிசைன் ரெடி. நாளைக்கு நாலு மணிக்கு அன்னத்த இட்டுகினு வரேன். அஞ்சு மணிக்கு கடைக்காரன் மிஷின்ல ஏத்திடுவான். அதுக்குள்ள நீ ஓகே சொல்லணும்."

"சரி."

"அக்கா கடைசியா சொன்னது இருக்குதுல்ல, அத்த பெருசா போட்டுகீறேன். போட்டோவுக்குக் கீழ."

ஹேமநாதன் கையிலிருந்த டேப்பின் நுனியைத் தேடினான். அது சுருளில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

கிருஷ்ணப்பிரியா இறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார் அன்னம்மாள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா இன்னா சொல்லுச்சு எம் பொண்ணு?" என்று கேட்டாள். "அம்மாவப் பாத்துக்கோன்னு சொன்னா" என்றான். யோசித்துச் சொன்னதில்லை, வாயிலிருந்து விழுந்தது. அன்னம்மாள் அதைத் தன் ஊரான நசரத்பேட்டை முழுக்கச் சொன்னாள். சாவுக்கு வந்தவர்களிடம் சொன்னாள், பதினாறாம் நாள் சொன்னாள், சுகர் பார்க்கும் டாக்டரிடம்கூடச் சொன்னாள். மாதம் ஒருமுறை அந்த டாக்டரிடம் அவளை அழைத்துப் போவது ஹேமநாதன்தான்.

உண்மையில் கிருஷ்ணப்பிரியா கடைசியாகப் பேசியது காரைப் பற்றி. போனில். சின்ன விஷயம் ஒன்று சொன்னாள். காரணம் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. மீட்டிங்கில் இருந்தான். இரண்டு மணி நேரம் கழித்து அடுப்படியில் விழுந்தவள் பிறகு கண் திறக்கவில்லை. மூளையில் ரத்தம் கசிந்தது என்றார்கள். அவள் சொன்ன அந்த விஷயத்தைப் பெற்றவளிடம் எப்படிச் சொல்வது? அதற்கு ஒரு அர்த்தமும் இல்லாமல் இருந்தது. அடுத்த வாரம் அந்தப் பொய் எட்டுக்கு ஆறு அடியில் நசரத்பேட்டைத் தெருமுனையில் தொங்கும்.

போனைக் கீழே வைத்தான். கொப்பளங்கள் அப்படியே இருந்தன.

ஃபிரிட்ஜ் கதவில் மூணாறில் வாங்கிய யானைக் காந்தம் ஒன்று உண்டு. வீடியோவில் பார்த்ததை நினைத்துக்கொண்டு அதை எடுத்து வந்தான். காரின் மேல் வைத்து மெல்ல நகர்த்தினான். பானட்டில் ஒட்டியது. கூரையில் ஒட்டியது. முன் கதவில் ஒட்டியது. இடது பின் கதவில் கைப்பிடிக்குக் கீழே வந்ததும் யானை வழுக்கி விழுந்தது. மறுபடி வைத்தான், மறுபடி விழுந்தது. விழும் இடத்தையெல்லாம் பென்சிலால் குறித்துக்கொண்டே போனான். கடைசியில் ஒரு வட்டம் வந்தது. இரண்டு கைகளையும் சேர்த்து விரித்து வைத்தால் மறையும் அளவு. அங்கே தகரத்துக்கும் பெயிண்டுக்கும் நடுவில் வேறு ஏதோ கனமாக இருந்தது.

இந்தக் காரை வாங்கும்போது அவனே கூட இருந்து சோதித்தான். இதே காந்தத்தால் அல்ல, மெக்கானிக்கின் காந்தம். அப்போது எங்கும் விழவில்லை.

"இன்னா நைனா, சனிக்கெழம அதுவுமா காருக்கு எண்ணெ தேச்சிகினு கீற?"

தரைத்தளத்தில் குடியிருக்கும் கன்னியப்பன். ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் பெயிண்ட் பிரிவு. நைட் ஷிஃப்ட் முடித்து ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"பெயிண்ட் அடிக்கப் போறேண்ணே."

"அடி, அடி. அடிக்கறது அர மணி, தேய்க்கறது அர வருசம். பானட்லேர்ந்து ஆரம்பி."

"கொப்பளம் இங்கதான இருக்கு."

"அத்த இன்னாத்துக்கு நோண்டற? நோண்டனா பெருசாவும்" என்றார். எதைப் பற்றியும் கால்மணி நேரம் பேசக்கூடிய மனிதர், "தூக்கம் கண்ண சுத்துது" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். காரின் இடது பின் கதவை அவர் பார்க்கவே இல்லை என்பதை ஹேமநாதன் கவனித்தான். மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்.

நூற்றிருபது நம்பர் பேப்பரை மரக்கட்டையில் சுற்றித் தண்ணீர் விட்டுத் தேய்த்தான். கொப்பளங்கள் உடைந்து உள்ளேயிருந்து கொஞ்சம் ஈரம் வந்தது. வெள்ளி நிறம் சாம்பல் குழம்பாக வழிந்தது. அரை மணி கழித்துத் துணியால் துடைத்துப் பார்த்தான்.

அடியில் பச்சை.

கார் கம்பெனி அடிக்கும் பச்சை அல்ல. ஆவடியில் குவார்ட்டர்ஸ் கேட், தண்ணீர்த் தொட்டி மூடி, சைக்கிள் ஸ்டாண்ட் என்று கைக்கு எட்டிய இரும்புக்கெல்லாம் பூசும் இருண்ட பச்சை. வெள்ளிக்காருக்கு அடியில் அது எப்படி வந்தது? ஓரத்தில் நகத்தால் கீறினான். ரப்பர் மாதிரி நெளிந்தது. இத்தனை நாளாகியும் உள்ளே சரியாகக் காயவில்லை.

தலையைத் தூக்கினான். தரைத்தள ஜன்னலின் கம்பிகள் அதே பச்சை. ஜன்னலுக்குக் கீழே இருந்த துளசித் தொட்டியும் அதே பச்சை. உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. ஹேமநாதன் வெகுநேரம் அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். தூங்குகிறவரை எழுப்பிக் கேட்க ஒரு கேள்வி இருந்தது. ஆனால் முழுக் கேள்வியும் இன்னும் கையில் வரவில்லை. அடிவரை போய்ப் பார்த்துவிட்டுக் கேட்கலாம்.

இருட்டும் வரை தேய்த்தான். பச்சை போய்ப் பட்டி வந்தது. செம்மண் கலந்த பால் நிறத்தில், ஒரு விரல் கனத்துக்கு.

ஞாயிற்றுக்கிழமை அலாரத்துக்கு முன்பே விழித்துவிட்டான். காபியைப் பாதியில் வைத்துவிட்டு இறங்கினான். உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டத் தட்டப் பட்டி ஓடுபோலப் பெயர்ந்தது. எட்டு மணிக்குத் தகரம் தெரிந்தது. நீளவாக்கில் ஒரு பள்ளம். உள்ளேயிருந்து யாரோ தட்டி நிமிர்த்தப் பார்த்து முக்கால்வாசியோடு விட்டிருந்தார்கள். பள்ளத்தின் மடிப்பில் மஞ்சளாக ஒரு கோடு ஒட்டியிருந்தது. கழுவாமலே பட்டி போட்டிருக்கிறார்கள்.

டேப் எடுத்து அளந்தான். தரையிலிருந்து ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். மஞ்சள்.

திரும்பினான். மூன்றாவது தூண். குத்துக்காலிட்டு டேப்பைத் தூணில் வைத்துப் பிடித்தான். ஐம்பத்தெட்டில், மஞ்சள் பட்டைக்குள், நான்கு விரல் அகலத்துக்குச் சிராய்ப்பு. அதன் சொரசொரப்பில் வெள்ளித் துகள் மின்னியது. தினமும் காலையில் அவன் கை ஊன்றும் இடத்துக்கு இரண்டு அடி கீழே. பதினோரு மாதமாக அதன் தலைக்கு மேல் நின்று லேஸைப் பார்த்திருக்கிறான்.

கன்னியப்பன் வீட்டுக் கதவைத் தட்டினான். பல் தேய்க்கும் பிரஷோடு திறந்தார். ஹேமநாதனின் கையில் பச்சை ஒட்டிய பேப்பர் துண்டைப் பார்த்ததும் வாயிலிருந்து பிரஷை எடுத்தார்.

"எப்பண்ணே?"

அவர் வாய் கொப்பளித்துவிட்டு வந்து படியில் உட்கார்ந்தார்.

"உன் ஊட்டுக்காரம்மா வுழுந்ததுக்கு மொத நாளு. திங்கக்கெழம. நீ வேலைக்குப் போன பிற்பாடு ரிவர்ஸ் எடுத்து ஓட்டிப் பாத்துகினு இருந்துச்சு. தூண்ல சாத்திடுச்சு. நான் சத்தம் கேட்டு வந்தா, காரச் சுத்தி சுத்தி வருது. 'அண்ணாத்தே, எங்க ஆளு பாத்தா வண்டிய வித்துடும்'னுச்சு. இன்னாமா ஒரு நெளிசலுக்குப் போய் விப்பானான்னேன். 'சொல்லிட்டுது அண்ணாத்தே, இன்னொரு கோடு வுழுந்தா வித்துடுவேன்னு சொல்லிட்டுது'ன்னுச்சு."

சொன்னான். முன் பம்பரில் கோடு விழுந்த அன்று சொன்னான். கோபமாகக்கூட அல்ல, டிவியைப் பார்த்துக்கொண்டே. சொன்னதே அவனுக்கு மறந்திருந்தது.

"அவ ஏன் எங்கிட்ட காட்டல, நான் அன்னிக்கு சாயங்காலம் வந்தேனே?"

"நீ வலது பக்கமா வந்து வலது பக்கமா போற ஆளு. இடது பக்கத்த செவுத்தோரம் ஒட்டி நிறுத்திடுச்சு." கன்னியப்பன் லேசாகச் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார். "அன்னிக்கே தட்டி பட்டி போட்டுட்டேன். செவ்வாக்கெழம காலைல தேச்சேன். அடில பூசற அண்டர்கோட் வாங்கறதுக்கு நேரமில்ல. ஊட்ல ஜன்னலுக்கு வாங்கன பச்ச இருந்துச்சு. இரும்புக்கு அடிக்கறதுதானேன்னு அடிச்சிட்டேன். அத்த கார்ல அடிக்கக்கூடாது நைனா. பெயிண்ட் பிரிவுல இருவது வருசம் கீறேன், எனக்குத் தெரியும். அவசரத்துல புத்தி பீரோவுக்குள்ள பூந்துக்கிச்சு. மேல வெள்ளி ஸ்ப்ரே. பாத்தா ஒண்ணும் தெரியல. ஆனா உள்ள காயணுமே. ரெண்டு நாளு அசைக்காம காயவுடணும்மான்னேன். நான் பாத்துக்கறேன் அண்ணாத்தேன்னுச்சு. காயறதுக்குள்ள மூடுனா அது என்னிக்காச்சும் பொத்துக்கும்."

ஹேமநாதன் படியில் அவருக்கு அருகில் உட்கார்ந்தான்.

"இத்தினி மாசமா ஏன் சொல்லல?"

"சொல்லாதன்னு சத்தியம் வாங்கிக்கிச்சு. அப்புறம் இன்னான்னு வந்து சொல்றது? துக்க ஊட்ல வந்து, தம்பி, உன் பொண்டாட்டி கார இடிச்சிட்டான்னா?" பிரஷைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தார். "உன்னாண்ட எதுனா சொல்லுச்சா?"

"சொன்னா."

புதன்கிழமை காலையில் உடலைக் கொண்டுவரும் முன், வாசலில் பந்தல் போட வந்தவர்கள் கார் மறைக்கிறது என்றார்கள். அவன்தான் சாவியை எடுத்து வந்தான். திறந்தவெளியில் சுவரோரம் நின்ற காரை எடுத்துக் கட்டடத்துக்கு அடியில், மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் விட்டான். அன்று அவனாகச் செய்த ஒரே வேலை அதுதான். பிறகு யாரோ அந்தக் கதவில் ஈரத் துண்டுகளைக் காயப்போட்டிருந்தார்கள்.

கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. வியப்பாக இருந்தது: இப்படிச் சின்னதாக, இவ்வளவு சரியாகப் பொருந்தும் பதில். உள்ளங்கையில் சூடு தெரிந்தது. எழுந்து மறுபடி தூணிடம் போய் அந்தச் சிராய்ப்பைப் பார்த்தான். எந்தத் திசையிலிருந்து வந்தாள், எவ்வளவு ஒடித்தாள், எங்கே பயந்து பிரேக் பிடித்தாள் என்று விரலால் தொடர்ந்தான். கோடு முடியும் இடத்தில் ஒரு சின்னக் குழி இருந்தது. அங்கேதான் நின்றிருக்கிறாள்.

"வா நைனா" என்றார் கன்னியப்பன் பின்னாலிருந்து. "இந்த தபா ஒழுங்கா பண்ணிடலாம்."

மீதிப் பச்சையைத் தின்னரால் துடைத்தெடுத்தார்கள். கன்னியப்பன் கதவின் உள்அட்டையைக் கழற்றி, துணி சுற்றிய கட்டையால் பள்ளத்தை நிமிர்த்தினார். மெல்லிசாகப் பட்டி. முன்னூற்றிருபது நம்பர் பேப்பர். பட்டியின் மேல் லேசாகக் கறுப்பு ஸ்ப்ரேயைத் தூவித் தேய்த்துப் பார்த்தார்கள். எங்கே கறுப்பு போகாமல் நிற்கிறதோ அங்கே பள்ளம். இரண்டு இடத்தில் நின்றது. மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு. மூன்று மணிக்குக் கறுப்பு முழுக்கப் போனது. பிரைமர் அடித்து, இருவரும் காரைத் தள்ளிக்கொண்டுபோய்ச் சுவரோரம் திறந்தவெளியில் நிறுத்தினார்கள். கன்னியப்பன் கை கழுவப் போனார்.

நாலு மணிக்கு லோகேஷின் பைக் வந்தது. பின்னால் அன்னம்மாள், மடியில் ஒரு சம்படம்.

"இன்னா மாப்ளே, காரு கட்டுப் போட்டுகினு கீது?"

"பெயிண்ட் அடிக்கறேன் அத்தே."

"மீன் கொழம்பு வெச்சேன். துன்னுட்டு அடி."

"மாமா, வண்டி வழில நிக்குது. உள்ள தள்ளிடட்டா?" என்று லோகேஷ் பானட்டில் கை வைத்தான்.

"வேணாம்" என்றான் ஹேமநாதன். குரல் சற்று உயர்ந்துவிட்டது. லோகேஷ் கையை எடுத்துக்கொண்டு போனை நீட்டினான்.

திரையில் கிருஷ்ணப்பிரியா சிரித்தாள். கல்யாண ரிசப்ஷனில் எடுத்த படம். அவன் தோளை வெட்டியிருந்தார்கள். சுற்றிலும் ரோஜா, மேலே இரண்டு புறா. கீழே மேற்கோள் குறிக்குள் கொட்டை எழுத்தில்: அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"எழுத்துத் தமிழ்ல மாத்திட்டேன். ஓகேவா?"

"இது வேணாம் லோகேஷ்."

"ஃபாண்ட்டா? கலரா?"

"இந்த வரி. அவ இதச் சொல்லல."

"இன்னா மாமா சொல்ற? நீதான…"

"நான்தான் சொன்னேன். அவ சொல்லல."

லோகேஷ் அம்மாவைப் பார்த்தான். அன்னம்மாள் கவிழ்த்து வைத்திருந்த பக்கெட்டின் மேல் மெதுவாக உட்கார்ந்தாள். சம்படத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அவ என்ன ஒரு நாளும் அம்மான்னு கூப்ட்டது கெடையாது மாப்ளே" என்றாள். "அன்னம்னுதான் கூப்டும். இவனும் அதப் பாத்துத்தான் பழகிகினான். அம்மாவப் பாத்துக்கோன்னு நீ சொன்னப்பவே, இது யாரு பேச்சுடான்னு இருந்துச்சு எனக்கு. சாவறப்ப மாறிட்டுச்சு போலன்னு நெனச்சிக்கினேன்."

ஹேமநாதன் தலை குனிந்துகொண்டான். விரலிடுக்கில் பிரைமர் காய்ந்து சாம்பலாகப் பொரிந்திருந்தது.

"அப்போ மாசாமாசம் என்ன சுகர் பாக்க இட்டுகினு போறியே, அது யாரு சொல்லி?"

"யாரும் சொல்லல அத்தே."

"ம்" என்றாள். காரின் கதவைப் பார்த்தாள். வெள்ளி நிறத்தின் நடுவில் சாம்பலாக ஒரு வட்டம். "அங்க இன்னா?"

சொன்னான். தூணையும் மஞ்சள் கோட்டையும் காட்டினான். காந்தத்தைப் பற்றிச் சொன்னான். வித்துடுவேன் என்று தான் சொன்னதையும் சொன்னான். லோகேஷ் போய்த் தூணுக்கு முன்னால் குத்துக்காலிட்டு, போன் வெளிச்சத்தை அடித்து வெள்ளித் துகளைப் பார்த்தான். "அக்கா செம கேடி" என்று முணுமுணுத்தான். அன்னம்மாள் எழுந்து வந்து, சாம்பல் வட்டத்துக்கு மேல் தொடாமல் கையை வைத்து அளவு பார்த்தாள்.

"சின்னப் புள்ளையில மூக்குத்தியத் தொலச்சிட்டு, காட்டக்கூடாதுன்னு மூணு நாளு மூஞ்சிய அந்தப் பக்கமாவே திருப்பிகினு துன்னுச்சு" என்றாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "சரி. நெசமா இன்னாதான் சொல்லுச்சு?"

லோகேஷ் போனோடு எழுந்து நின்றான். மணி நாலே முக்கால்.

பதினொன்று நாற்பதுக்கு வந்த அழைப்பு. பதினான்கு வினாடி. அவன் மீட்டிங் அறையின் வாசலில் நின்று பேசினான். போனில் அவளுக்குப் பின்னால் மோட்டார் ஓடியது, யாரோ பக்கெட்டை இழுத்தார்கள். அவள் அவசரமாக, கொஞ்சம் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசினாள். அப்போது அது சிரிப்பு என்று அவனுக்குத் தெரியவில்லை. "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

அவள் பேசிய மாதிரியே சொல்ல வேண்டும் என்று ஒரு கணம் நின்று, மாமியாரின் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

"வண்டி வெயில்லயே நிக்கட்டும். நீ வந்து நெழல்ல நவுத்திடாத."